கூகைப்பாறைப் பாதை நிலவரம்

கூகைப்பாறைக்கு நடக்க வர நினைக்கிறவர்களில் பலருக்கு அன்புக்கரசியின் குரல் தெரியும், முகம் தெரியாது. ஆனைமலை அடிவாரத்துக் கரட்டுப்பதியில், சோதனைச் சாவடியை ஒட்டித் தகரம் வேய்ந்த ஓர் அறையில் உட்கார்ந்து சீட்டுக் கொடுப்பது அவள் வேலை. கூடவே, தினமும் காலையில் அன்றைக்குப் பாதை எப்படி இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பவும் வேண்டும். கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் இருப்பவர்கள் பல் விளக்கிக்கொண்டே அதைக் கேட்டார்கள்.

“வணக்கமுங்க. கூகைப்பாறைப் பாதை இன்னைக்குத் திறந்திருக்குதுங்க. மூங்கில் சருகு நெறைய உழுந்து கெடக்குது, காஞ்ச சருகு வழுக்குமுங்க. ஓடையில தண்ணி கணுக்காலுக்குக்கூட இல்லீங்க, குடிக்கறதுக்கு நீங்களே கொண்டாந்துருங்க. உண்ணி இருக்குதுங்க. பாறை மேல நின்னா ஒண்ணும் தெரியாதுங்க, ஒரே புகைமூட்டம். நன்றிங்க.”

இது பங்குனி மாதத்து நிலவரம். ஆடியில் பேசினால் பாதையே ஓடையாக இருக்கும். ஐப்பசியில் அட்டை, மார்கழியில் பனி. நல்லதைச் சொல்லக் கூடாது என்று அவளுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கும் அவள் கணவன் ரவிக்குமார் விடியற்காலையில் மேலே போய்ப் பார்த்துவிட்டு வாக்கிடாக்கியில் சொல்வதைத்தான் அவள் திருப்பிச் சொன்னாள். ரவிக்குமாருக்குக் கோளாறு இருந்தால்தான் செய்தி. இலவ மரம் பூத்திருக்கிறது என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. பூத்தால் பூத்துவிட்டுப் போகட்டும், அது யாரையும் மிதிக்கப் போவதில்லை.

புதிதாக வந்த வனவர் சசிதருக்கு இது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. இளவயதுக்காரர். ஒருநாள் சீட்டு அறை ஜன்னலில் சாய்ந்துகொண்டு பேச்சை எடுத்தார்.

“அக்கா, கேக்கறவங்களுக்கு ஒரு ஆசை வர்ற மாதிரி சொல்லலாமில்லீங்க? பறவை பாடுது, அந்த மாதிரி?”

“எந்தப் பறவைங்க சார்?”

சசிதர் யோசித்தார். “அதெல்லாம் பொதுவாச் சொல்றதுதானுங்கக்கா.”

மறுநாள் நிலவரத்தின் கடைசியில் ஒரு வரி கூடியிருந்தது. “பறவைச் சத்தம் கேக்குதுங்க. எதுன்னு தெரியலீங்க.” அதற்குப் பிறகு சசிதர் இந்த விஷயத்தில் தலையிடவில்லை.

அன்புக்கரசி யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அவள் ஒருமுறைகூடக் கூகைப்பாறைக்குப் போனதில்லை. முதல் வளைவு வரைக்கும் போயிருக்கிறாள், அதுவும் ஒரு ஆட்டைத் தேடிக்கொண்டு.

அவள் பிறந்தது வால்பாறையில், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். அங்கே பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது, ஆஸ்பத்திரி அதற்கும் மேலே இருந்தது, ரேஷன் கடை பள்ளத்தில் இருந்தது. வாங்கிய அரிசியோடு மறுபடியும் மேடு ஏற வேண்டும். மலை ஏறுவது என்றால் அவளுக்குக் கூலிக்கு ஏறுவது, இல்லாவிட்டால் பஸ் வராததால் ஏறுவது. சும்மா ஏறுவது என்று ஒன்று இருப்பதே சீட்டு அறைக்கு வந்த பிறகுதான் தெரியும். கல்யாணமாகிக் கரட்டுப்பதிக்கு வந்தபோது மாப்பிள்ளையைவிட அவளுக்குப் பிடித்துப்போனது அந்த ஊரின் சமதரைதான். இதை ரவிக்குமாரிடமே சொல்லியிருக்கிறாள். அவனும் வருத்தப்படவில்லை.

பங்குனி முடியும் சமயம். காட்டில் தீப்பிடிக்கும் காலம் என்பதால் அடுத்த வாரத்திலிருந்து பாதையை மூடப்போகிறோம் என்று நிலவரத்தில் சொல்லியிருந்தாள். அதற்கு மறுநாள் காலை பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து ஒரு அம்மாள் இறங்கினாள். அறுபதைத் தாண்டிய வயது, கண்டாங்கிச் சேலை, கையில் துணிப்பை. காலில் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாட்டுக்குப் போடும் சூ, ரோஸ் நிற நாடாவோடு. நேராக ஜன்னலுக்கு வந்தாள்.

“ஏனுங்க, இங்க நிலவரம் சொல்றது யாருங்க?”

“நானுங்க.”

அந்த அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். “நீயா கண்ணு? கொரலக் கேட்டுட்டு வயசான பொம்பளைன்னு நெனச்சுப்போட்டேன்.” பையைக் கீழே வைத்தாள். “உன்னால நான் வருசக்கணக்கா ஊட்டை உட்டு நகரலே, தெரியுமா?”

அன்புக்கரசிக்கு இந்த மாதிரிப் புகார் புதிது. வந்துவிட்டு வழுக்கி விழுந்தவர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். வராதவர்கள் யாரும் வந்து சண்டை போட்டதில்லை. எழுந்து வெளியே வந்து, பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னாள்.

அந்த அம்மாளின் பெயர் நஞ்சம்மாள். வெள்ளகோவிலில் எண்ணெய் மில் வைத்திருக்கும் குமாரசாமியின் மனைவி. கல்யாணமான புதிதில் குமாரசாமி அவளை ஒரு மலைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். இந்த மலை என்றில்லை, ஏதோ ஒரு மலை. பிறகு மில் வந்தது, பிள்ளை வந்தான், தோட்டத்தில் கிணறு வெட்டினார்கள். மில்லை மகன் கவினிடம் ஒப்படைத்ததும் போகலாம் என்றார். ஒப்படைத்தும் ஆகிவிட்டது. அப்போதுதான் கவின் அப்பாவின் போனில் இந்த நிலவரத்தைச் சேர்த்துக் கொடுத்தான்.

“தெனமும் காலையில இட்லியை முன்னால வெச்சுக்கிட்டு உன்ற கொரலைச் சத்தமாப் போடுவாரு. கடைசி வரைக்கும் கேப்பாரு. கேட்டுப்போட்டு, ‘இன்னைக்குச் சரிப்படாது நஞ்சு’ன்னு சொல்லிட்டு மில்லுக்குப் போயிருவாரு. அங்க அவருக்கு ஒரு வேலையும் இல்லே. ஆடியில அட்டைன்னே, சரி. ஐப்பசியில மரம் உழுந்திருச்சுன்னே. தையில பனின்னே. மாசியில ஆனைன்னே. ஒரு நாளாச்சும் நல்லா இருக்குதுன்னு சொல்லியிருக்கியா அம்மணி?”

அன்புக்கரசி நியாயமாக யோசித்துப் பார்த்தாள். “நல்லா இருந்திருக்குமுங்கம்மா. என்கிட்ட யாரும் சொல்லலீங்க.”

“ஏன், நீ போயிப் பாக்கறதில்லையா?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. நிலவரம் சொல்லிச் சொல்லி இருந்த கொஞ்ச நஞ்சமும் போய்விட்டது. “இல்லீங்க. நான் மேல போனதே இல்லீங்க.”

நஞ்சம்மாள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெகுநேரம் துடைத்தாள். சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. “சரி,” என்றாள் முகத்தை எடுத்து. “இன்னைக்கு நான் போறேன். ஒரு சீட்டுக் குடு.”

கூட ஒரு ஆள் இல்லாமல் யாரையும் மேலே விடக் கூடாது என்பது விதி. வழக்கமாகக் கூட்டிப்போகிறவர்கள் எல்லாரும், ரவிக்குமாரையும் சேர்த்து, அடுத்த சரிவில் தீ பரவாமல் இருக்கப் புல்லைச் சீவிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்புக்கரசி வாக்கிடாக்கியில் சசிதரைக் கூப்பிட்டாள். ஆள் இல்லை, திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்தாள்.

“நீங்களே கூட்டிட்டுப் போங்கக்கா,” என்றார் சசிதர். “இருக்கறது ஒரே பாதை. தொலையறதுக்கு வழியே இல்லீங்க.”

அன்புக்கரசி சேலைக்கு மேல் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டாள். வாக்கிடாக்கியும் தண்ணீர் பாட்டிலும் ஒரு தடியும் எடுத்துக்கொண்டு அறையைப் பூட்டினாள்.

முதல் வளைவு தாண்டியதுமே மூங்கில் காடு. சருகு வழுக்கும் என்று அத்தனை நாளும் சொல்லிவந்தாளே தவிர, எப்படி வழுக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அது எண்ணெய் மாதிரி வழுக்கவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் சருகு, காலை வைத்ததும் மேல்சருகு மட்டும் ஆளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. இருவரும் மாறி மாறி வழுக்கினார்கள். அன்புக்கரசி வழுக்கும்போது நஞ்சம்மாள் அவள் காக்கிச் சட்டையைப் பிடித்தாள். நஞ்சம்மாள் வழுக்கும்போது அன்புக்கரசி பிடித்தாள். ஓரிடத்தில் இருவரும் சேர்ந்து வழுக்கி, ஒரு மூங்கில் புதர் பிடித்துக்கொண்டது.

“சூ பேத்தியோடதுங்களா?” என்று அன்புக்கரசி எழுந்துகொண்டே கேட்டாள்.

“ஆமா, ரித்திகாவோடது. அவளுக்குக் காலு பெருசு. முன்னால துணி வெச்சு அடைச்சிருக்கேன்.”

கொஞ்ச தூரத்தில் பாதை நடுவே யானைச் சாணம் கிடந்தது. இருவரும் நின்றார்கள்.

“புதுசா, பழசா?” என்றாள் நஞ்சம்மாள்.

“தெரியலீங்க. அவரு பாத்தாச் சொல்லிருவாருங்க.”

நஞ்சம்மாள் தடியை வாங்கிக் கிளறிப் பார்த்தாள். “மாட்டுச் சாணியா இருந்தா நேத்தைக்குப் போட்டதுன்னு சொல்லிருவேன். ஆனைக்கு எப்படியோ.”

பழசுதான் என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். புதுசு என்றால் திரும்பிப் போக வேண்டியிருக்கும். அங்கிருந்து கொஞ்சம் வேகமாக நடந்தார்கள்.

ஓடைக்கு இறங்கும் இடத்தில் பாதை சிவப்பாக இருந்தது. அன்புக்கரசி முதலில் யாரோ சேலையை உதறிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். அண்ணாந்தால் ஓர் இலவ மரம், ஓர் இலைகூட இல்லாமல், கிளை முழுக்கச் சிவந்த பூ. உள்ளங்கையளவு பூக்கள், சந்தையில் கடை போட்டு உட்கார்ந்தவர்கள் மாதிரிக் கிளைகளில் வரிசையாக. அதில் இரைச்சலோடு பறவைகள். எந்தப் பறவைகள் என்று இப்போதும் தெரியவில்லை, ஆனால் நிறைய வகை இருந்தன. கீழே ஒரு மான் உதிர்ந்த பூவை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது. இவர்களைப் பார்த்தது, இன்னொரு பூவைத் தின்றது, பிறகுதான் போயிற்று.

“இது எப்ப இருந்து பூத்திருக்குது?” என்று நஞ்சம்மாள் மெல்லிய குரலில் கேட்டாள்.

“தெரியாதுங்க.”

“உன்ற ஊட்டுக்காரரு தெனமும் இதைத் தாண்டித்தான போறாரு?”

“ஆமாங்க,” என்றாள் அன்புக்கரசி. ரவிக்குமார்மேல் அவளுக்கு வந்த கோபம் கல்யாணமான நாளிலிருந்து வந்ததிலேயே பெரியது. அவள் அதைக் கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள்.

ஓடையில் தண்ணீர் கணுக்காலுக்குக்கூட இல்லை. அது சரியாகத்தான் இருந்தது. ஓடைக்கு அப்பால் ஏற்றம். நஞ்சம்மாள் மூச்சு வாங்க நின்றபோதெல்லாம் அன்புக்கரசியும் அவளுக்காக நிற்பதுபோல நின்றாள். இருவருக்கும் அது வசதியாக இருந்தது. வெயில் ஏறிக் காட்டில் சருகு வாடை அடித்தது. பாறைக்கு வந்து சேர்ந்தபோது இருவராலும் பேச முடியவில்லை.

பாறை மேல் நின்றால் ஒன்றும் தெரியவில்லை. அணை இருக்க வேண்டிய இடத்தில் வெளுப்பு. தென்னந்தோப்புகள் இருக்க வேண்டிய இடத்திலும் வெளுப்பு.

“ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லியிருந்தனுங்க,” என்றாள் அன்புக்கரசி.

“சொன்னே. பொய்யில்லே,” என்றாள் நஞ்சம்மாள். சூவைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள். ஒன்றும் தெரியாத அந்த வெளுப்பை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல் பார்த்தாள். பிறகு பையிலிருந்து புளிசோறும் கடலைத் துவையலும் எடுத்தாள். வாழையிலையைக் கிழித்து இரண்டாக்கினாள்.

பாதி சாப்பாட்டில் போன் அடித்தது. அந்தப் பாதை முழுக்கப் பாறையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அடித்தது குமாரசாமி. மருமகளிடமிருந்து விஷயம் தெரிந்து காரை எடுத்துக்கொண்டு சோதனைச் சாவடிக்கே வந்துவிட்டார். அவர் பேசியது அன்புக்கரசிக்கும் கேட்டது. அந்த அம்மாள் போனைக் காதிலிருந்து தள்ளியே வைத்திருந்தாள்.

“நஞ்சு, எங்க இருக்கறே?”

“பாறை மேலங்க.”

“எந்தப் பாறை?”

“நீங்க தெனமும் கேக்கறீங்கல்ல, அந்தப் பாறைதானுங்க.”

“நிலவரம் கேட்டுட்டுத்தான் போனயா? சருகு வழுக்குது, உண்ணி இருக்குது, ஒண்ணும் தெரியாது…”

“நிலவரம் என் பக்கத்துலதானுங்க உக்காந்திருக்குது. சோறு உண்ணுது.”

“இங்க ஒருத்தரையும் காணோம். ரூம் பூட்டியிருக்குது.”

“பூட்டிட்டுத்தானுங்க வந்தோம். அங்கயே இருங்க, வாரோம்.”

இறங்கும்போது இருவருக்கும் சருகில் நடக்கத் தெரிந்துவிட்டது. காலைத் தூக்காமல் தேய்த்து வைத்தால் வழுக்காது. அந்தப் பெருமையோடு ஓடைக்கு மேலே உள்ள திருப்பத்துக்கு வந்தபோது கீழே யானைகள் நின்றுகொண்டிருந்தன. எத்தனை என்று எண்ண அவர்கள் நிற்கவில்லை. ஒரு குட்டி இருந்தது மட்டும் தெரிந்தது. வந்த வழியே ஏறி, பாதையை விட்டு விலகி நின்ற ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். அன்புக்கரசி வாக்கிடாக்கியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு சசிதருக்குச் சொன்னாள். அசையாமல் இருங்கள், நானும் ரவிக்குமாரும் மேலே சுற்றிக்கொண்டு வருகிறோம் என்றார் அவர். எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லவில்லை.

அன்புக்கரசி வாக்கிடாக்கியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நஞ்சம்மாள் அவள் காதருகே குனிந்து கிசுகிசுத்தாள்.

“எதாச்சும் பேசு கண்ணு. பேசினா பயம் தெரியாது. உனக்கு எந்த ஊரு?”

“வால்பாறைங்க. எஸ்டேட்டு.”

“அதுக்கு முன்னாடி?”

“எங்கப்பாவுக்குக் காங்கேயத்துப் பக்கமுங்க. பண்ணையத்துல ஆளா இருந்தாங்க. அங்க இருக்க முடியாம மலை ஏறிப்போட்டாங்க.”

நஞ்சம்மாள் பிறந்ததும் காங்கேயத்துப் பக்கம்தான். யாருடைய பண்ணையம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்புக்கரசி சொல்லியிருப்பாள். கீழே ஒரு யானை தும்பிக்கையால் மணலைத் தோண்டும் சத்தம் கேட்டது.

“எங்கப்பன் ஊட்டுலயும் ஆளுக இருந்தாங்க,” என்றாள் நஞ்சம்மாள். “ரொம்பப் பேரு. ஒருத்தரு பேருகூட எனக்கு முழுசாத் தெரியாது. கூப்பிடற பேருதான் தெரியும்.”

அன்புக்கரசி தலையாட்டினாள்.

வெயில் பாறையைச் சுட வைத்திருந்தது. அன்புக்கரசியின் பாட்டில் எப்போதோ காலியாகிவிட்டது. அவள் உதட்டை ஈரப்படுத்துவதைப் பார்த்துவிட்டு நஞ்சம்மாள் தன் பாட்டிலை நீட்டினாள். அன்புக்கரசி வாங்கி, அண்ணாந்து, வாயில் படாமல் ஊற்றினாள். யோசித்துச் செய்யவில்லை, கைக்கு அப்படித்தான் பழக்கம். அவசரத்தில் தண்ணீர் மூக்கில் ஏறியது. இருமல் வந்தது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கீழே மணல் தோண்டும் சத்தம் நின்றது.

இருவரும் பாறையோடு ஒட்டிக்கொண்டார்கள். பிறகு சத்தம் மறுபடி தொடங்கியது.

“வாய் வெச்சுக் குடி அம்மணி,” என்று நஞ்சம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “பொறை ஏறி இருமிப்போட்டீன்னா ஆனை வந்துரும்.”

அன்புக்கரசி வாய் வைத்துக் குடித்தாள். நஞ்சம்மாள் பாட்டிலை வாங்கி, துடைக்காமல், தானும் குடித்து மூடினாள். ஆபத்து நேரத்தில் செய்கிற காரியம் என்பதால் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

யானைகள் தங்களுக்குத் தோன்றியபோது போயின. ரவிக்குமாரும் சசிதரும் மேலிருந்து இறங்கி வந்தார்கள். ரவிக்குமார் முகமெல்லாம் புல்தூசி.

“அன்பு, நீ இங்க என்ன பண்றே?”

“நிலவரம் பாக்கறேன். ஏனுங்க, இலவம் பூத்திருக்கறதை எனக்கு ஏன் சொல்லலே?”

ரவிக்குமார் சசிதரைப் பார்த்தான். சசிதர் வேறு பக்கம் பார்த்தார். “அது வருசா வருசம் பூக்கறதுதான?”

“நானும் வருசா வருசம் இங்கதான இருக்கறேன்?”

ரவிக்குமாருக்கு இதில் ஏதோ நியாயம் இருப்பதாகப் பட்டது. என்ன நியாயம் என்று பிடிபடவில்லை. தடியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். ஓடை தாண்டும்போது அந்த மரத்தை நின்று ஒருதரம் அண்ணாந்து பார்த்தான்.

மூங்கில் காட்டில், முதல் வளைவுக்குக் கொஞ்சம் மேலே, வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் பாதையில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றக் கால் கணுக்காலில் வீங்கியிருந்தது. உட்கார்ந்திருந்த தோரணையில் குறை ஒன்றும் இல்லை. பஞ்சாயத்துக்கு வந்து உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார்.

“சருகு வழுக்குமுன்னு காலையிலயே சொல்லிட்டாங்க,” என்றார் குமாரசாமி, யாரும் கேட்பதற்கு முன்னால். “சரியாத்தான் சொல்லியிருக்காங்க.” காக்கிச் சட்டையைப் பார்த்தார். “அந்தக் கொரல் நீங்கதானுங்களா?”

“ஆமாங்க.”

“நல்லாச் சொல்றீங்க. ஒண்ணையும் உடறதில்லே.”

அன்புக்கரசியின் நிலவரத்தை மனதாரப் பாராட்டிய முதல் ஆள் அவர்தான். அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

அனுமதி இல்லாமல் ஏறியதற்குச் சசிதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நஞ்சம்மாள் கணவர் பக்கத்தில் போய்க் குனிந்தாள். “ஏனுங்க, ஆனை இருக்குதுன்னு தெரியாமத்தான ஏறுனீங்க?”

“கீழ டீக்கடைக்காரரு சொல்லிப்போட்டாரு,” என்றார் குமாரசாமி, கணுக்காலைப் பார்த்துக்கொண்டே. “அதுக்கப்பறம்தான் ஏறுனேன்.”

நஞ்சம்மாள் மூங்கில் புதரில் மாட்டியிருந்த அவருடைய இன்னொரு செருப்பை எடுத்துத் தட்டினாள். ரவிக்குமாரும் சசிதரும் அவரை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துக்கொண்டு இறங்க, அவள் அந்தச் செருப்பைக் கையில் பிடித்தபடி பின்னால் நடந்து வந்தாள். பையில் போட்டுக்கொள்ள இடம் இருந்தது. அவள் போடவில்லை.

அன்று சாயங்காலம் அன்புக்கரசி உடம்பிலிருந்து உண்ணிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது வெள்ளகோவிலிலிருந்து போன் வந்தது. அங்கேயும் அதே வேலைதான் நடந்துகொண்டிருந்தது. எந்தெந்த இடத்தில் கடித்தது என்று இருவரும் விவரமாகப் பேசிக்கொண்டார்கள். குமாரசாமிக்கு எலும்பில் ஒன்றும் இல்லை, சுளுக்குத்தான், மாவுக்கட்டுப் போடவில்லை என்பது அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம் என்றாள் நஞ்சம்மாள்.

மறுநாள் நிலவரம் இப்படி இருந்தது: “பாதை திறந்திருக்குதுங்க. சருகு வழுக்குமுங்க, காலைத் தேச்சு வெச்சு நடங்க. ஓடைப்பக்கம் ஆனை வந்துட்டுப் போயிருக்குதுங்க. ஓடைக்கு முன்னாடி இலவ மரம் பூத்திருக்குதுங்க. நானே பாத்தேனுங்க. நல்லா இருக்குதுங்க.”

அன்றைக்குச் சீட்டு அறைக்குப் போன்மேல் போன் வந்தது. உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று சிலர் கேட்டார்கள். இது வேறு யாரோ பேசியதா என்று திருப்பூர்க்காரர் ஒருவர் கேட்டார். நல்லா இருக்குது என்றால் என்ன அர்த்தம், போகலாமா போகக் கூடாதா என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண்மணி விளக்கம் கேட்டாள். அன்புக்கரசி எல்லோருக்கும் பொறுமையாகச் சொன்னாள். அந்த வாரக் கடைசியில் கூட்டம் வந்தது. பிறகு தீக்காலம் என்று பாதையை மூடினார்கள்.

மூடியிருந்த நாட்களில் ரவிக்குமார் வாக்கிடாக்கியில் புதிய தகவல்கள் சொல்லத் தொடங்கினான். சொல்லத் தெரியாமல் சொன்னான். “மஞ்சளா ஒண்ணு பூத்திருக்குது. கொத்துக் கொத்தா தொங்குது. ஓவர்.” நிலவரம் இல்லாத காலமானதால் அவற்றை அவள் யாருக்கும் அனுப்பவில்லை. தானே கேட்டுக்கொண்டாள்.

ஆனியில் மழை பிடித்துப் பாதை திறந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலிலிருந்து ஒரு வேன் வந்தது. நஞ்சம்மாள் தன் தெருப் பெண்களைத் திரட்டிக் கூட்டி வந்திருந்தாள். இந்தமுறை அவள் காலில் அவளுடைய சொந்த சூ. குமாரசாமியும் வந்திருந்தார். டீக்கடைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நீங்கள் போங்கள், நான் இங்கிருந்து கவனித்துக்கொள்கிறேன் என்றார். எதைக் கவனிப்பார் என்று யாரும் கேட்கவில்லை.

ஒருமுறை கூட்டிப்போனதால் பெண்கள் வந்தால் அன்புக்கரசிதான் கூட்டிப்போவாள் என்று ஆகிவிட்டிருந்தது. அவள் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, எல்லோர் காலிலும் உப்புத்தூளும் வேப்பெண்ணெயும் தடவிவிட்டாள். அட்டை அப்படியும் ஏறியது. மூங்கில் காட்டிலேயே கூச்சல் ஆரம்பித்துவிட்டது. ஒருத்தி தன் காலைத் தூக்கி இன்னொருத்தியிடம் காட்ட, அவள் தன் காலைக் காட்டினாள். பருமனான ஓர் அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்று, பெரிய மூச்சாக விட்டாள்.

“ஏனுங்க, பாறை வந்துருச்சுங்களா?”

அன்புக்கரசி சுற்றிலும் பார்த்தாள். பச்சை மூங்கிலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இல்லீங்க,” என்றாள். “பாதிகூட வரலீங்க. இனிமேத்தான் ஏத்தமுங்க.”

பெண்கள் எல்லோரும் ஒன்றாக அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். நஞ்சம்மாள் மட்டும் நின்றுகொண்டு, பையிலிருந்து முறுக்கை எடுத்து வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள்.